மாங்காய் ‘மேங்கோ’ ஆன வரலாறு

ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ என வழங்கும் சொல்லின் வேர் தென்னிந்தியாவில் உள்ளது. தமிழில் மரம் மா. அதன் காய் மாங்காய், கனி மாம்பழம். மலையாளத்தில் ‘மாங்ங’. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு மலபார்க் கரையில் வணிகம் செய்த போர்த்துக்கீசியர் இப்பெயரை ‘மங்கா’ என்று ஆக்கிக்கொண்டனர். 1563இல் கோவாவில் அச்சான கார்சியா ட ஓர்ட்டாவின் மருந்துப்பொருள் நூலில் மாம்பழம் இடம்பெற்றது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சொல் ஆங்கிலத்துக்கும் சென்றது. 1753இல் லின்னேயஸ் சூட்டிய ‘மாஞ்சிஃபெரா இண்டிகா’ என்ற தாவரவியல் பெயரிலும் இதே வேர்தான்.

பல மாதக் கப்பல் பயணத்தைப் பழம் தாங்காது. அதனால் இங்கிலாந்துக்குப் பெரும்பாலும் ஊறுகாயாகவே மாங்காய் போய்ச் சேர்ந்தது. நாளடைவில் அங்கே ‘மேங்கோ’ என்பதற்கு ஊறுகாய் என்ற பொருளும் ஏற்பட்டது. மசாலா அடைத்துக் காடியில் ஊறவைத்த வெள்ளரிக்காயும் முலாம்பழமும்கூட அப்பெயர் பெற்றன. அமெரிக்காவின் ஒஹாயோ, இண்டியானா பகுதிகளில் குடைமிளகாயை ‘மேங்கோ’ என்றழைக்கும் வழக்கு 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது.

வேர்ச்சொல் பிறந்த தென்னிந்தியாவிலோ பெயர்கள் பல. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மாமரத்துக்குத் தமிழில் மா, கன்னடத்தில் மாவு, தெலுங்கில் மாமிடி என்று பெயர். ரகங்களின் பெயர்களும் எல்லை தாண்டியவை. தோத்தாபுரி ரகத்தைத் தமிழ்நாட்டு விவசாயிகள் ‘பெங்களூரா’ என்கின்றனர். நுனி வளைந்து கூர்மையாக இருப்பதால் அதற்குக் கிளிமூக்கு என்றும் பெயர் உண்டு. போச்சம்பள்ளி அருகே உள்ள சந்தூர் மா ஒட்டுக்கன்றுகளுக்குப் பேர்போன ஊர்.

இங்கும் பழம் தொலைவு செல்வது பெரும்பாலும் பதப்படுத்திய பிறகே. கோடை அறுவடையில் பெங்களூரா, அல்போன்சா காய்கள் கூழ் ஆலைகளுக்கு வருகின்றன. பழுக்கவைத்துக் கழுவிய பழத்திலிருந்து தோலையும் கொட்டையையும் இயந்திரம் பிரிக்கிறது. சல்லடையில் வடித்த கூழைச் சூடேற்றி 3.1 கிலோ தகர டப்பாக்களிலும், கிருமி நீக்கிய பை வைத்த பெரிய பீப்பாய்களிலும் அடைக்கின்றனர். வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் அந்த டப்பாக்களின் மேல் இருப்பது ‘மேங்கோ பல்ப்’ என்ற பெயர். காய்க்குரிய தென்னிந்தியப் பெயர், ஆங்கிலத்தின் வழியாகப் பழத்தின் கூழுக்கு வணிகப் பெயராகியிருக்கிறது.