டாக்டர் உதவியாளர் பட்டப்படிப்பு: பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

பிளஸ்-2 ரிசல்ட் வந்த மறுநாளே வீட்டில் பேச்சு ஆரம்பித்து விடும். "நீட்டுல மார்க் வரலை. டாக்டர் சீட் கிடைக்காது. ஆனா பிள்ளை ஆஸ்பத்திரி வேலைதான் வேணும்னு அடம் பிடிக்குது. என்னதான் படிக்க வைக்கிறது?" என்று கையை பிசையும் பெற்றோர் ஏராளம்.

அந்த நேரம் பார்த்து செல்போன் அடிக்கும். "சார், பிசிசியன் அசிஸ்டெண்ட்னு ஒரு கோர்ஸ் இருக்கு. முடிச்சா பாதி டாக்டர் மாதிரி. இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா சீட் கன்பார்ம்" என்பார் புரோக்கர்.

படிப்பு உண்மைதான். வேலையும் உண்டு. ஆனால் "பாதி டாக்டர்" என்பது பொய். இந்த ஒரு வார்த்தையை நம்பி, நகையை அடகு வைத்து பணம் கட்டிவிட்டு பிறகு தவிப்பதை விட, முதலிலேயே விவரம் தெரிந்து கொள்வது நல்லது.

என்ன வேலை?

பெரிய ஆஸ்பத்திரிகளில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, கையில் கேஸ் ஷீட்டுடன் ஒருவர் கூடவே வருவதை பார்த்திருப்பீர்கள். பல இடங்களில் அவர்தான் பிசிசியன் அசிஸ்டெண்ட். தமிழில் டாக்டர் உதவியாளர் என்று சொல்லலாம்.

நோயாளிக்கு முன்பு என்னென்ன நோய் இருந்தது என்று கேட்டு எழுதுவது, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்ப்பது, ரத்தப்பரிசோதனை, ஸ்கேன் முடிவுகளை திரட்டி டாக்டரிடம் சொல்வது, ஆபரேஷன் தியேட்டரில் கைகொடுப்பது, டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பது, வீட்டுக்கு போகும் நோயாளிக்கு எந்த மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று விளக்குவது... இவை எல்லாம் இவர்கள் வேலை. எல்லாமே டாக்டரின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். நர்சு வேலை வேறு, லேப் டெக்னீசியன் வேலை வேறு. அவற்றுக்கு தனித்தனி படிப்புகள் இருக்கின்றன.

சென்னையில் தொடங்கியது

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் என்பவர் 1965-ம் ஆண்டு இந்த படிப்பை தொடங்கினார். கடற்படையில் மருத்துவ உதவி வேலை பார்த்து அனுபவம் பெற்ற 4 பேர்தான் முதல் பேட்ச்.

இந்தியாவில் இதற்கு பிள்ளையார் சுழி போட்டது சென்னை. மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரபல இதய ஆபரேஷன் நிபுணர் டாக்டர் கே.எம்.செரியன் 1992-ம் ஆண்டு இந்த படிப்பை கொண்டு வந்தார். அவர் 2025 ஜனவரியில் காலமானார்.

எத்தனை வருடம்?

கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவ பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் பி.எஸ்சி. பிசிசியன் அசிஸ்டெண்ட் படிப்பு 3 வருடம். அதன்பிறகு ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் கட்டாய பயிற்சி. ஆக மொத்தம் 4 வருடம்.

உடற்கூறு, உடல் இயங்கும் விதம், உயிர்வேதியியல், நோய்க்கிருமிகள், மருந்தியல் என்று பாடங்கள் வரும். புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படித்த மாணவ-மாணவிகள் முதல் வருடம் கொஞ்சம் திணறத்தான் செய்வார்கள். தினமும் 10 மருத்துவ வார்த்தைகளை எழுதி பழகினால் பயம் போய்விடும்.

சேருவது எப்படி?

பிளஸ்-2வில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியல் அல்லது தாவரவியல், விலங்கியல் படித்திருக்க வேண்டும். சேரும் ஆண்டு டிசம்பர் 31-ந்தேதிக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.

அரசு ஒதுக்கீட்டு இடங்களை சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவ கல்வி இயக்கக தேர்வுக்குழு நிரப்புகிறது. துணை மருத்துவ பட்டப்படிப்புகளுக்கு ஆன்லைனில் ஒரே விண்ணப்பம் போட்டால் போதும். 2025-26 சேர்க்கை வரை நீட் மார்க் கேட்கவில்லை. பிளஸ்-2 மார்க் அடிப்படையில்தான் ரேங்க் பட்டியல் வெளியிட்டு கவுன்சிலிங் நடந்தது. விதிகள் மாறக்கூடும் என்பதால் அந்தந்த ஆண்டு விளக்க குறிப்பேட்டை முழுசாக படித்து விடுங்கள்.

சாதி சான்றிதழ், மாற்றுச்சான்றிதழ், மார்க் பட்டியல் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது நல்லது. கடைசி நேரத்தில் தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டியிருக்காது.

அரசுப்பள்ளியில் படித்து உயர்கல்விக்கு போகும் மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. சேரும்போதே கல்லூரி ஆபீசில் இது பற்றி கேளுங்கள்.

எது கூடாது?

இந்த பட்டம் வாங்கியவர் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட முடியாது. தனியாக கிளினிக் வைத்து வைத்தியம் பார்க்க முடியாது. தானாக மருந்துச்சீட்டு எழுதித்தரவும் முடியாது. 2019-ம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணைய சட்டப்படி, டாக்டராக பதிவு செய்யாமல் வைத்தியம் பார்த்தால் ஒரு வருடம் வரை ஜெயில், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

இது நம்ம ஊர் பிரச்சினை மட்டும் அல்ல. இங்கிலாந்திலும் இவர்களை டாக்டர் என்று நினைத்து நோயாளிகள் குழம்பினார்கள். 2025 ஜூலையில் அங்கு வெளியான லெங் ஆய்வறிக்கை, "அசோசியேட்" என்ற பெயரை "அசிஸ்டெண்ட்" என்று மாற்றும்படி பரிந்துரை செய்தது.

"அமெரிக்கா போனால் லட்சம் லட்சமாக சம்பளம்" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அங்கே இந்த வேலைக்கு அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்து, தேசிய தேர்வில் பாஸ் ஆக வேண்டும். இங்கு வாங்கும் பி.எஸ்சி. பட்டத்தை மட்டும் வைத்து அந்த தேர்வு எழுத முடியாது.

2021-ல் வந்த சட்டம்

துணை மருத்துவ பணியாளர்களுக்காக மத்திய அரசு 2021-ம் ஆண்டு தனிச்சட்டம் கொண்டு வந்தது. அதன் பட்டியலில் டாக்டர் உதவியாளர் வேலையும் இருக்கிறது. மாநில கவுன்சில், பதிவேடு எல்லாம் இந்த சட்டத்தில் உண்டு. இந்த சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை தபால் வழியிலோ, ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று யு.ஜி.சி. 2025-ல் அறிவித்தது. "வீட்டில் இருந்தே படிக்கலாம்" என்று யாராவது சொன்னால் உஷார்!

கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. பட்டம் தருவது எந்த பல்கலைக்கழகம்? கல்லூரி பெயரும், இந்த படிப்பின் பெயரும் அந்த பல்கலைக்கழக பட்டியலில் இருக்கிறதா? கல்லூரிக்கு அனுமதி இருந்தால் மட்டும் போதாது, இந்த படிப்புக்கும் இருக்க வேண்டும்.

2. கல்லூரிக்கு சொந்த ஆஸ்பத்திரி உண்டா? இல்லை என்றால் பயிற்சி எங்கே? அந்த ஆஸ்பத்திரிக்கே நேரில் போய் விசாரியுங்கள்.

3. 4 வருடத்துக்கும் சேர்த்து மொத்த செலவு எவ்வளவு? தேர்வு கட்டணம், ஹாஸ்டல், சீருடை எல்லாம் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள்.

4. பயிற்சி வருடத்தில் உதவித்தொகை உண்டா, அல்லது அப்போதும் நாம்தான் பணம் கட்ட வேண்டுமா?

5. போன வருடம் முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்? 2 பேரிடமாவது பேசிப்பாருங்கள். சம்பளம் எவ்வளவு, நைட் டியூட்டி உண்டா என்று அவர்களே சொல்வார்கள்.

பணம் கட்டினால் ரசீது வாங்காமல் வரக்கூடாது. ஒரிஜினல் சான்றிதழ்களை சரிபார்த்து விட்டு திருப்பி கொடுத்து விட வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்துள்ளது.

இந்த கேள்விகளுக்கு நேராக பதில் சொல்லும் கல்லூரி என்றால் தாராளமாக சேரலாம். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல அட்வான்ஸ் கட்டுங்க" என்றால், பையில் இருக்கும் பணத்தோடு வீட்டுக்கு திரும்பி விடுங்கள்.