தாது வருஷப் பஞ்சமும் ஓர் அதிகாரியின் கேமராவும்

கொங்கு நாட்டில் தாது வருஷப் பஞ்சம் என்று அறியப்படும் 1876–78 பெரும்பஞ்சத்தை அடுத்து, கோயம்புத்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871ஆம் ஆண்டுக் கணக்கின் 17,63,274இலிருந்து 1881இல் 16,57,690ஆகக் குறைந்தது. காரமடை வழியாக மேட்டுப்பாளையத்துக்கு 1873லேயே ரயில் ஓடத் தொடங்கியிருந்தும், விலை ஏற ஏறக் கையில் காசில்லாதோருக்கு அந்தப் பாதையால் சோறு கிடைக்கவில்லை. நிவாரண வேலைக்கு வந்தோருக்கு, பஞ்ச நிவாரணத்துக்கான அரசுப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் விதித்த கூலியோ நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும்தான்.

அப்பஞ்சத்தின் முகமாக இன்று அறியப்படும் படங்களை எடுத்தவர், சென்னைக் குதிரைப்படை அதிகாரியான வில்லோபி வாலஸ் ஹூப்பர். எலும்பும் தோலுமான மனிதர்கள் அவற்றில் வரிசையாக அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். படம் துலங்கச் சில விநாடிகள் அசையாதிருக்க வேண்டிய காலம் அது. நிற்கவே வலுவற்றவர்களைக் குழுவாக அடுக்கிய அந்தக் கையின் நிதானம், பசியைப் போலவே பார்ப்பவரை உலுக்குகிறது. பட்டினி கிடந்தவர்கள் சட்டகத்துக்குள் இருந்தார்கள். கூலியை நிர்ணயித்தவர்கள் வெளியே இருந்தார்கள்.

அதே ஹூப்பர், மூன்றாம் பர்மியப் போருக்குப் பின் மாண்டலேயில் ப்ரொவோஸ்ட் மார்ஷலாக, அதாவது படையின் ஒழுங்கையும் தண்டனையையும் கவனிக்கும் அதிகாரியாக, இருந்தார். கொள்ளையர் எனப்பட்ட பர்மியக் கைதிகள் 1886 ஜனவரியில் சுட்டுக்கொல்லப்பட்டபோது, குண்டு பாயும் கணத்தைப் பிடிப்பதற்காகத் துப்பாக்கிகள் குறிபார்த்த நிலையிலேயே அவர்களைக் காக்கவைத்துவிட்டு அவர் படமெடுத்தார் என்ற செய்தியை லண்டன் ‘டைம்ஸ்’ இதழின் நிருபர் மொய்லன் வெளியிட்டார். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, விசாரணை நடந்தது, ஹூப்பருக்குக் கண்டனமும் தற்காலிக ஊதியக் குறைப்பும் கிடைத்தன. விசாரணை இல்லாமலே மனிதர்களைக் கொல்லும் அதிகாரத்தைவிட, அதைப் படமெடுத்த அநாகரிகமே லண்டனைக் கூசவைத்தது என்பதுதான் இந்நிகழ்வின் மிகக் கசப்பான பகுதி.

கேமரா அரசின் கையைவிட்டு நீங்கி அதன் எதிரே நின்றபோது நிலைமை மாறியது. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100ஆம் நாளான 2018 மே 22 அன்று, மஞ்சள் சட்டையில் ஒரு காவலர் காவல்துறை வாகனத்தின் கூரைமேல் துப்பாக்கியுடன் குறிபார்த்ததைச் செய்தியாளர்களின் கேமராக்கள் பதிவுசெய்தன. 13 பேர் கொல்லப்பட்ட அத்துப்பாக்கிச்சூட்டில், சீருடையற்றவர் யார், அவர் கையில் துப்பாக்கி எப்படி வந்தது என்று நாடே கேட்டதற்கு அந்தக் காட்சியே காரணம்.

ஆயினும் குறிபார்த்தவரைக் காட்டிய படத்தில் ஆணையிட்டவர் இல்லை. அவரைத் தேடும் வேலை நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்துக்கு விடப்பட்டது. 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அதன் அறிக்கை, 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை கோரியதுடன், கேமராவில் பிடிபடாத மாவட்ட ஆட்சியரின் பொறுப்பையும் உயர் காவல் அதிகாரிகளின் பொறுப்பையும் பதவி சுட்டி எழுதியது.