தொப்பூர் கணவாயும் கொதிக்கும் ரேடியேட்டரும்

சேலத்திலிருந்து தருமபுரிக்குச் சாலை வழியாகப் போகிற எல்லோருக்கும் தொப்பூர் கணவாய் தெரியும். மலைகளுக்கு நடுவே வளைந்து ஏறும் இந்த வழி மிகப் பழையது. 1790-ல், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, திப்பு சுல்தானின் படை இந்தக் கணவாயைக் கடந்துதான் தெற்கே இறங்கியது. அன்று இந்த மேட்டில் மூச்சு வாங்கியவை மாடுகளும் குதிரைகளும். மோட்டார் வாகனங்கள் வந்த பிறகு மூச்சு வாங்கியது இன்ஜின்!

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரி சுமார் 470 மீட்டர். பெங்களூரு 900 மீட்டருக்கும் மேல். பாரம் ஏற்றிய ஒரு பழைய லாரி வடக்கே போக வேண்டுமென்றால் இந்த உயரம் முழுவதையும் ஏறியாக வேண்டும். அதனால்தான் பழைய லாரிகள் மேட்டில் ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து வைத்து, ஆவி அடங்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. வண்டியில் ஒரு கேன் தண்ணீர் எப்போதும் இருக்கும்.

இன்ஜின் ஏன் கொதிக்கிறது? அதை எப்படிக் கண்டுபிடித்துச் சரி செய்வது? இந்தக் கேள்விகளுக்கான பதில் மோட்டார் வாகனத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

முதல் பயணத்திலேயே தொடங்கிய பிரச்சனை

1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தை பெர்தா பென்ஸ் என்ற பெண்மணி தன் இரண்டு மகன்களுடன் காரில் கடந்தார். கார்ல் பென்ஸின் மனைவி இவர். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் இதுதான் என்பார்கள்.

அந்த வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. இன்ஜினைச் சுற்றி இருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும், அதனோடு சூடும் போகும். ஆகவே வழியெல்லாம் தண்ணீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது. மேட்டில் மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். பள்ளத்தில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோக, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார்கள்.

மேட்டில் தண்ணீர், இறக்கத்தில் பிரேக்! தொப்பூர் கணவாயின் இரண்டு கவலைகளும் 1888-லேயே வந்துவிட்டன.

தேன்கூடும் தெர்மோஸ்டாட்டும்

இன்ஜினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மீதியைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும்.

இதற்கு நல்ல வழி கண்டவர் வில்ஹெல்ம் மேபாக். 1900-1901-ல் அவர் வடிவமைத்த மெர்சிடிஸ் காரில் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் இருந்தது. 8,070 சின்னஞ்சிறு குழாய்கள் அதில்! குழாய்களின் வழியாகக் காற்று போகும், வெளியே சுற்றிலும் தண்ணீர் ஓடும். குறைந்த தண்ணீரிலேயே அதிக சூட்டை இறக்க முடிந்தது.

1908-ல் வந்த ஃபோர்டின் மாடல் டி காரில், முதலில் தயாரான சில வண்டிகளைத் தவிர மற்றவற்றுக்கு வாட்டர் பம்ப்பே இல்லை. சூடான தண்ணீர் மேலே எழும், குளிர்ந்தது கீழே இறங்கும் என்ற எளிய விதியை நம்பித்தான் அது ஓடியது. தண்ணீர் அளவு கொஞ்சம் குறைந்தாலும் சுழற்சி நின்றுவிடும். பிறகு பம்ப் பொதுவானது, அழுத்தம் தாங்கும் மூடி வந்தது, 1930-களில் மெழுகு விரிவதால் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வு வந்தது.

மூடியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. உயரம் கூடக் கூடத் தண்ணீரின் கொதிநிலை குறையும். பெங்களூரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல மூடி உள்ளே அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து, கொதிநிலையை 100 டிகிரிக்கு மேல் கொண்டு போகிறது. மூடியின் ரப்பர் போனால் அந்தப் பாதுகாப்பும் போச்சு!

நம் ஊர் வண்டிகள்

1948-ல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனது. 1954-ல் டாடா நிறுவனம் பென்ஸ் கூட்டுறவோடு லாரி தயாரிக்கத் தொடங்கியது. சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரித் தொழில் வளர்ந்தபோது வடக்கே போகும் வண்டிகளுக்குத் தொப்பூர் அன்றாட வழியானது. கார்களில் அம்பாசிடர் 1950-களின் கடைசியில் வந்து 2014 வரை தயாரானது.

அம்பாசிடரில் ஃபேனும் வாட்டர் பம்ப்பும் ஒரே அச்சில், ஒரே பெல்ட்டில் சுற்றும். பெல்ட் தளர்ந்தால் காற்றும் குறையும், தண்ணீர் ஓட்டமும் குறையும். மேட்டிலோ முதல், இரண்டாம் கியரில் இன்ஜின் முழு மூச்சாக உழைக்கும்; வண்டி மெதுவாகப் போவதால் எதிர்க்காற்று இருக்காது. சமதளத்தில் ஒளிந்திருந்த குறை எல்லாம் மேட்டில் வெளியே வந்துவிடும்.

இதோடு தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. தருமபுரி மாவட்ட நிலத்தடி நீர் ஃபுளோரைடுக்குப் பேர்போனது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-ல் திறக்கப்பட்டது. ஆனால் ரேடியேட்டரைக் கெடுப்பது ஃபுளோரைடு இல்லை. கிணற்றுத் தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள்தான் அதற்குக் காரணம். வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் ரேடியேட்டர் குழாயிலும் படிகிறது. கொதிக்கிறதே என்று உப்புத் தண்ணீர் ஊற்ற ஊற்ற, அடுத்த கொதிப்புக்கான காரணத்தையும் சேர்த்தே ஊற்றுகிறோம்!

குறையைக் கண்டுபிடிப்பது எப்படி?

பாகங்களின் வரலாறு தெரிந்தால் சோதிக்கும் வரிசையும் புரியும். செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவதே நல்ல மெக்கானிக்கின் வழக்கம்.

1. முதலில் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு தண்ணீர் அளவு, மூடியின் ரப்பர், ஹோஸ் பைப்புகள், பெல்ட்டின் இறுக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

2. நெரிசலில் மட்டும் சூடு ஏறி, வேகமாகப் போனால் இறங்கினால் ஃபேன் பக்கம் சந்தேகம். மேட்டிலும் நீண்ட ஓட்டத்திலும் சூடு ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு.

3. கிளம்பிய சில நிமிடங்களிலேயே இன்ஜின் கொதித்தும் மேல் ஹோஸ் சூடாகவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது பம்ப் வேலை செய்யவில்லை.

4. ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி வந்தாலோ, ஆயில் பால் கலந்த டீ போல மாறினாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். அதோடு ஓட்டினால் இன்ஜினே வீணாகிவிடும்.

பழைய பித்தளை ரேடியேட்டரில் ஒரு வசதி உண்டு. மேல் தொட்டியை உருக்கிக் கழற்றி, குழாய்களில் மெல்லிய கம்பி விட்டு உப்பை எடுத்துவிட்டு மறுபடி ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். பிறகு கூலன்ட்டும் சுத்திகரித்த நீரும் கலந்து ஊற்றினால் பல வருடம் தாங்கும். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் சரியாகிவிடும்" என்று சில இடங்களில் சொல்வதுண்டு. அப்படிச் செய்தால் இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராமல் டீசல் செலவும் தேய்மானமும் கூடும். அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை உடனே திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருந்த தண்ணீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். கொதித்த இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கவும் கூடும்.

இறக்கத்துச் சூடு

ஏற்றத்துக் கொதிப்பு இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் குறைந்துவிட்டது. இறக்கத்துச் சூடு அப்படிக் குறையவில்லை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் பக்கத்தில்தான் தொப்பூரின் பெரிய விபத்துகள் நடக்கின்றன. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதி உயிர்கள் போயின.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, சுமார் 80 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கியரில் இறங்கினால் அதில் பெரும் பகுதியை இன்ஜின் தாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் அத்தனையும் பிரேக் மீது இறங்கும். பிரேக் காய்ந்தால் பிடிப்பு போய்விடும். ரேடியேட்டர் கொதித்தால் ஆவி வந்து எச்சரிக்கும், வண்டி நின்றுவிடும். பிரேக் கொதித்தால் வண்டி நிற்காது!

ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம். மேட்டில் இன்ஜினை வாட்டிய அதே கீழ் கியர்தான் இறக்கத்தில் உயிரைக் காப்பாற்றுகிறது. 1888-ல் பெர்தா பென்ஸுக்கு அந்த வசதி இல்லை, தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். இன்று ஒவ்வொரு லாரியிலும் அது இருக்கிறது. பயன்படுத்தினால் போதும்.