வயல் முயலும் வேட்டைச் சட்டமும்



முயல் என்றதும் நம் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, ஆமையோடு பந்தயம் ஓடித் தோற்ற முயல். மற்றொன்று, முழுநிலவில் பாட்டி நமக்குக் காட்டிய முயல். இன்று நாம் காணப்போவது வேறொரு முயலை. அது இங்கிலாந்து நாட்டின் வயல்வெளிகளில் வாழ்வது. அந்த எளிய பிராணியின் பொருட்டுச் சட்டங்கள் பல இயற்றப்பட்டன. ஏழைத் தொழிலாளர் சிறை சென்றனர். குத்தகை உழவர் தம் நிலக்கிழாரை எதிர்த்து நாடாளுமன்றம் வரை வழக்காடினர். ஒரு முயலுக்காகவா இத்தனையும் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அதற்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் ஒரு விளக்கம். தமிழில் நாம் முயல் என்ற ஒரே சொல்லால் குறிப்பதை ஆங்கிலேயர் இரண்டாகப் பிரித்து, ராபிட் என்றும் ஹேர் என்றும் வழங்குகின்றனர். ராபிட் என்பது மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் குழிமுயல். ஹேர் என்பது அதைவிடப் பெரியது. நீண்ட கால்களும், கருநுனி கொண்ட நெடிய காதுகளும் உடையது. மூன்று நான்கு கிலோ எடை இருக்கும். அது வளை தோண்டுவதில்லை. வெட்டவெளியில், உடல் பதியும் அளவுக்குச் சிறு பள்ளம் பறித்து அதிலே படுத்திருக்கும். பகைவன் அருகில் வரும்வரை அசையாது கிடந்து, பின் பாய்ந்தோடும். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம் வரை அதனால் ஓட முடியும். அதன் குட்டிகள் பிறக்கும்போதே உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கின்றன. தாய் அவற்றை வயலிலே விட்டுவிட்டு, நாளுக்கு ஒரு முறை, பொழுது சாய்ந்தபின் வந்து பாலூட்டிச் செல்லும். இந்தப் பேச்சில் முயல் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த வயல் முயலையே.

அதன் வாழ்க்கை முறையை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். ஒளிந்துகொள்ள வளை இல்லாத பிராணிக்கு வயலே வீடு; வயலே உணவு. கோடையில் புல்லும் களைச்செடிகளும், குளிர்காலத்தில் இளங்கோதுமைப் பயிரும் அதற்கு இரை. ஆகவே உழவன் நிலத்தை எவ்வாறு பயன்படுத்துகிறானோ, அதைப் பொறுத்தே முயலின் வாழ்வும் அமைகிறது.

இந்த முயல் பிரிட்டனின் ஆதிக் குடியன்று. ஐரோப்பாக் கண்டத்திலிருந்து, ரோமானியர் வருகைக்கு முன்பே, மனிதர் அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. கி.மு. 55ஆம், 54ஆம் ஆண்டுகளில் அத்தீவின்மீது படையெடுத்த ஜூலியஸ் சீசர், அங்குள்ள மக்கள் முயலையும் கோழியையும் வாத்தையும் உண்பது தகாது என்று எண்ணியதாகவும், அவற்றை விருப்பத்துக்காக வளர்த்ததாகவும் எழுதிவைத்திருக்கிறார். உண்ணத் தகாததாக இருந்த முயல், பிற்காலத்தில் ஏழை உண்ணக் கூடாததாக ஆயிற்று. அந்த மாற்றமே நம் வரலாற்றின் முதற்பகுதி.

1671ஆம் ஆண்டு, இரண்டாம் சார்லஸ் மன்னர் காலத்தில், வேட்டைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஆண்டுக்கு 100 பவுன் வருமானம் தரும் சொந்த நிலம், அல்லது 150 பவுன் பெறுமானமுள்ள நீண்டகாலக் குத்தகை நிலம் உடையவரும், உயர்குடியினரின் வாரிசுகளுமே முயல், கௌதாரி முதலியவற்றை வேட்டையாடலாம் என்பது அதன் சாரம். மற்றவர் வேட்டை நாயோ வலையோ வைத்திருத்தலும் குற்றமாயிற்று. நிலக்கிழார் வேட்டைக் காவலரை அமர்த்தி, ஊரார் வீடுகளைச் சோதனையிடவும் வகை செய்யப்பட்டது.

இதன் பொருள் என்ன? ஓர் உழவர் தம் வயலில் விதைக்கிறார், உரமிடுகிறார், குத்தகைப் பணத்தைத் தவறாமல் கட்டுகிறார். இரவில் முயல் வந்து பயிரை மேய்கிறது. அவர் கல்லெடுத்து விரட்டலாம், கொல்லக் கூடாது. மேய்ந்த பயிர் அவருடையது. மேய்ந்த முயலோ வேட்டையாடும் பெரியமனிதருக்குரியது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில வேளாண்மை பெரிதும் முன்னேறியது. நார்போக் மாவட்டத்தில் பெயர்பெற்ற நால்வகைச் சுழற்சிப் பயிர்முறையை நம்மில் சிலர் பள்ளியில் படித்திருக்கலாம். கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் என்னும் தீவனப் பயிர் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒன்றாக மாறி மாறி வரும். ஒரு பண்ணையில் எந்த மாதத்தில் பார்த்தாலும் ஏதேனும் ஒரு வயலில் பசுமை இருக்கும். உழவர் இதை ஆடு மாடுகளுக்காகவும் மண்வளத்துக்காகவும் செய்தார். ஆனால் முயலுக்கு இதைவிட நல்ல விருந்து வேறில்லை. ஆண்டு முழுதும் உணவு. உயர்ந்த பயிரில் மறைவு. போதாக்குறைக்கு, நரி போன்ற பகைகளைக் கொல்ல வேட்டைக் காவலர். முயல்கள் பல்கிப் பெருகின.

பெருகிய முயல் பணக்காரர் வயலில் மட்டுமா திரியும்? கூலித் தொழிலாளியின் குடிசைக்குப் பின்னாலும் அது ஓடியது. முயலை விலைக்கு விற்பதும் சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்தது. தடையிருந்தும் நகரத்துச் செல்வர் விருந்துகளில் முயற்கறி குறையவில்லை. குதிரைவண்டிக்காரர் வழியாகத் திருட்டுத்தனமாக அது இலண்டன் சென்றது. ஒரு முயலுக்கு ஒரு நாள் கூலிக்கு மேல் கிடைக்கக்கூடும் என்ற நிலையில், பசித்த குடும்பத்துத் தலைவன் இரவில் கண்ணியோடு புறப்பட்டதில் வியப்பில்லை. அகப்பட்டால் தண்டனை கடுமையானது. 1828ஆம் ஆண்டின் இரவு வேட்டைச் சட்டப்படி, முதன்முறை பிடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை. இரண்டாம் முறை ஆறு மாதம் வரை. மூன்றாம் முறை ஏழாண்டு வரை நாடுகடத்தல். அந்நாளில் நாடுகடத்தல் என்றால் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றுவதாகும். இத்தகையோரை விசாரித்துத் தண்டித்த நீதிபதிகளும் பெரும்பாலும் அதே வட்டாரத்து நிலக்கிழார்களே.

1831ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. சொத்துத் தகுதி நீங்கியது. உரிமச்சீட்டு பெற்ற எவரும் வேட்டையாடலாம், உரிமம் பெற்ற வணிகர் இறைச்சியை விற்கலாம் என்றாயிற்று. உழவருக்கு விடிவு வந்துவிட்டது என்று நாம் எண்ணுவோம். அதுதான் இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விடும்போதே, வேட்டையுரிமை எனக்கே என்று நிலக்கிழார் பத்திரத்தில் எழுதிக்கொண்டார். சட்டம் ஒரு கையால் கொடுத்ததைப் பத்திரம் மறு கையால் பறித்துக்கொண்டது.

உழவரின் குறையை நாடாளுமன்றத்தில் எழுப்பியவர்களுள் முதன்மையானவர் ஜான் பிரைட். தானிய வரியை எதிர்த்துப் போராடிப் புகழ்பெற்ற அவரது முயற்சியால், 1845ஆம் ஆண்டில் வேட்டைச் சட்டங்களை ஆராயக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. உழவர் பலர் அதன்முன் சாட்சி சொன்னார்கள். இத்தனை முயல்கள் தின்பது ஓர் ஆடு தின்பதற்குச் சமம் என்று அவர்கள் கணக்குக் காட்டினர். கணக்குகள் ஆளுக்கு ஆள் மாறுபட்டாலும், முறையீடு ஒன்றுதான்: ஆட்டை வளர்ப்பவன் ஆட்டுக்குத் தீனி போடுகிறான், முயலை வளர்ப்பவரோ எங்கள் தீனியில் வளர்க்கிறார் என்பதே அது. 1848ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டை உரிமச்சீட்டு இல்லாமலே முயலைக் கொல்ல வழி செய்தது. ஆயினும் நிலக்கிழார் இசைவு தரவேண்டியிருந்தது.

பிறகு மூன்று நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வந்தன. 1872இல் இரகசிய வாக்கெடுப்பு முறை வந்தது. நிலக்கிழார் முகத்தைப் பார்த்து வாக்களிக்கும் கட்டாயம் உழவருக்கு நீங்கியது. அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், 1879ஆம் ஆண்டின் ஓயாத மழை அறுவடையைக் கெடுத்தது. அதே ஆண்டில் உழவர் கூட்டணி என்ற அமைப்பும் தோன்றியது. கையில் மிஞ்சியது ஒரு பிடி தானியம். அதையும் முயலுக்கு விடுவதா என்று உழவர் கேட்டனர்.

1880ஆம் ஆண்டில் கிளாட்ஸ்டன் தலைமையில் லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்தது. அவ்வாண்டிலேயே உள்துறை அமைச்சர் வில்லியம் ஹார்கோர்ட் ஒரு மசோதாவைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். கிரவுண்ட் கேம் சட்டம் என்பது அதன் பெயர். நிலத்தைப் பயிரிடுபவர் எவரோ, அவருக்குத் தம் நிலத்தில் முயலையும் குழிமுயலையும் கொல்லும் உரிமை உண்டு. நிலக்கிழாருக்கும் அவ்வுரிமை இருக்கலாம், ஆனால் உழவரின் உரிமையைப் பறிக்க முடியாது. இதற்கு மாறாக எழுதப்படும் எந்தப் பத்திரமும் செல்லாது. இந்தக் கடைசி வாக்கியமே சட்டத்தின் உயிர். 1831இல் விடப்பட்ட ஓட்டை இப்போது அடைக்கப்பட்டது.

இனி முயலின் பக்கம் திரும்புவோம். புதிய உரிமையை உழவர் தயங்காமல் பயன்படுத்தினர். பல வட்டாரங்களில் முயல் வெகுவாகக் குறைந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில், 1892இல், முயலைக் காப்பதற்கென்றே ஒரு சட்டம் தேவைப்பட்டது. இனப்பெருக்கக் காலமாகிய மார்ச் முதல் ஜூலை வரை நாட்டு முயலை விற்கக் கூடாது என்று அது விதித்தது.

ஆனால் எல்லா இடத்திலும் முயல் குறைந்துவிடவில்லை. அதற்குக் காரணம் விளையாட்டு. கிரேஹவுண்ட் என்னும் மெலிந்த விரைவு நாய்கள் இரண்டை ஒரே நேரத்தில் முயலின் பின்னே அவிழ்த்துவிட்டு, எது திறமையாக விரட்டித் திருப்புகிறது என்று புள்ளி போடுவது ஒரு பழைய போட்டி. முயல் சற்றுத் தொலைவு முந்திய பிறகே நாய்கள் அவிழ்க்கப்படும். முயலைப் பிடிப்பதன்று, ஓட்டத்தைக் காண்பதே உண்மையான வேட்டைப் பிரியரின் நோக்கம் என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே ஆரியன் என்ற கிரேக்க ஆசிரியர் எழுதியிருக்கிறார். நோக்கம் எதுவாயினும், பிடிபட்ட முயல்கள் மடிந்தன என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

இப்போட்டிகளுள் தலையானது வாட்டர்லூ கோப்பை. லிவர்பூல் நகரின் வாட்டர்லூ ஹோட்டல் உரிமையாளர் 1836இல் தொடங்கிய இப்போட்டி, அருகிலுள்ள ஆல்ட்கார் சமவெளியில் நடந்துவந்தது. 64 நாய்கள் கலந்துகொள்ளும். காண வந்தோர் பல்லாயிரவர். மாஸ்டர் மக்ராத் என்ற நாய் 1868, 1869, 1871 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்று நாடெங்கும் புகழ்பெற்றது. போட்டி நடக்க முயல் வேண்டுமல்லவா? ஆகவே அவ்வட்டாரத்தில் நிலக்கிழார் முயலைப் பேணினார். கொல்லும் விளையாட்டே காக்கும் காரணமாகவும் இருந்தது என்பது விந்தை, ஆனால் உண்மை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முயலுக்குப் பேரிடி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. துப்பாக்கியாலும் நாயாலும் வந்ததன்று, ஏர்முறையால் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உணவு உற்பத்தியைப் பெருக்குவதே நாட்டின் கொள்கையாயிற்று. வேலிப்புதர்கள் அகற்றப்பட்டு வயல்கள் அகன்றன. ஆடுமாடும் பயிரும் கலந்திருந்த பண்ணைகள் மறைந்து, கிழக்கே தானியம் மட்டும், மேற்கே புல் மட்டும் என்றாயிற்று. வசந்தகால விதைப்புக்குப் பதிலாக இலையுதிர்கால விதைப்பு பரவியது. இதனால் கோடையில் கோதுமை முற்றிக் கடினமாகிவிட, முயலுக்கு இளம்பசுமை கிட்டவில்லை. களைக்கொல்லி களைச்செடிகளையும் ஒழித்தது. புல்வெளிகளிலோ, தீவனத்துக்காக இயந்திரம் பலமுறை புல்லை அறுக்கும். அசையாது படுத்திருப்பதே தற்காப்பு என்று பிறந்த குட்டி அதில் சிக்கி மடியும்.

பண்ணைகளின் வேட்டைக் கணக்கேடுகளைப் பார்த்தால், 1960ஆம் ஆண்டுகளிலிருந்து முயல் எண்ணிக்கை சரிந்தது தெளிவாகிறது. பிரிட்டனில் மட்டுமன்று, ஐரோப்பாவெங்கும் இதே கதைதான். 1990ஆம் ஆண்டுகளின் நடுவில் பிரிட்டன் முழுவதிலும் ஏறத்தாழ 8 இலட்சம் முயல்களே இருந்தனவென மதிப்பிடப்பட்டது. வேட்டைக்காரர் நரியைக் குறைகூறினர். வேட்டையை எதிர்ப்போர் வேட்டைக்காரரைக் குறைகூறினர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஆய்வுகள் முதற்காரணமாகக் காட்டுவது மாறிப்போன வயலையே.

2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம், நாய் கொண்டு முயலை வேட்டையாடுவதையும் முயலோட்டப் போட்டியையும் இங்கிலாந்திலும் வேல்சிலும் தடைசெய்தது. சட்டம் 2005 பிப்ரவரி 18ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கடைசி வாட்டர்லூ கோப்பை அதற்குச் சில நாள் முன்னர் நடந்து முடிந்தது. ஆயினும் சூதாட்டக் கும்பல்கள் நாய்களோடு அத்துமீறி வயல்களில் புகுந்து, பயிரை மிதித்து, உழவரை மிரட்டின. இந்தக் கும்பல்களுக்கு அஞ்சி, முயல் இருந்தால்தானே அவர்கள் வருவார்கள் என்று, தம் வயல் முயல்களைத் தாமே சுட்டுத் தீர்த்த உழவரும் உண்டு. 1880இல் பயிரைக் காக்கப் பெற்ற உரிமை, அமைதியைக் காக்கப் பயன்பட வேண்டியதாயிற்று. 2022ஆம் ஆண்டில் இக்குற்றத்துக்குத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

நேயர்களே, முயல் யாருடையது என்ற கேள்விக்கு இங்கிலாந்து பல நூற்றாண்டுகளாக விடை தேடியது. செல்வருக்குரியது என்றது ஒரு சட்டம். பயிரிடுபவருக்கும் உரியது என்றது மற்றொன்று. விளையாட்டுக்குரியதன்று என்றது இன்னொன்று. உழவருக்கு நீதி கிடைத்தது நல்லதே. அதை யாரும் மறுக்க இயலாது. ஆனால் யார் கொல்லலாம் என்று வழக்காடிய காலமெல்லாம், எதனால் அது வாழ்கிறது என்று கேட்டவர் குறைவு. பல்வகைப் பயிரும், புல்லும், புதரும் கலந்த வயலே அதை வாழவைத்தது. அந்த வயலை எவரும் முயலுக்காக உருவாக்கவில்லை. எவரும் முயலை ஒழிப்பதற்காக மாற்றவுமில்லை. நிலத்தில் நாம் செய்யும் மாற்றம் நாம் எண்ணாத உயிர்களையும் தொடும். அடுத்த முறை ஆமையும் முயலும் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அந்த முயல் ஓடிய வயலைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுவோம்.