நினைவும் பட்டமும்: வில்லியம் ஜேம்ஸின் கல்விக் கருத்துகள் இரண்டு

அமெரிக்க உளநூலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் (1842–1910) ஆர்வர்டுப் பல்கலைக் கழகத்தில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்தவர். கல்வியைப் பற்றி அவர் கூறியன பல. அவற்றுள் இரண்டனை மட்டும் ஈண்டு இணைத்து நோக்குவாம்.

எதனையேனும் இடைவிடாது உருப்போட்டு வரின் நினைவாற்றல் பொதுவாகவே வளரும் என்பது அந்நாளையோர் துணிபு. பள்ளிகளில் இலத்தீனும் கிரேக்கமும் நிலைபெற்றிருந்தமைக்கு இத்தகைய எண்ணமும் ஓர் அரணாயிற்று. ஜேம்ஸ் இதனைத் தம்மிடத்தே சோதித்தார். விக்டர் ஊகோவின் பாட்டொன்றில் 158 அடிகளை எட்டு நாள்களில் மனப்பாடம் செய்தார்; ஏறத்தாழ 132 நிமிடங்கள் ஆயின. பின்னர் நாள்தோறும் இருபது நிமிடங்களுக்குச் சற்று மிகுதியாக, 38 நாள்கள், மில்ட்டனின் காப்பியத்து முதற் காண்டம் முழுவதையும் நெட்டுருச் செய்தார். (வெ. ப. சுப்பிரமணிய முதலியார் 'சுவர்க்க நீக்கம்' எனத் தமிழில் தந்த காப்பியம் இதுவே.) இப்பயிற்சிக்குப்பின் ஊகோவின் பாட்டில் மேலும் 158 அடிகளைக் கற்றார். இம்முறை 151½ நிமிடங்கள் வேண்டியிருந்தன!

அவ்வமயம் பிற வேலைகளால் தாம் களைப்புற்றிருந்ததை அவரே குறித்துள்ளார். பிறரும் அவர்பொருட்டு இவ்வாறு சோதித்தனர். சிலர் சிறிது முன்னேறினர், சிலர் முன்னேறிலர். எனவே இதனை முடிந்த முடிபெனக் கொள்ளல் ஆகாது. ஆயினும் இவ்வினா 1890-இல் அவருடைய பெருநூலில் இடம்பெற்றது. அவர்பாற் பயின்ற தார்ன்டைக் 1901-இல் உட்வொர்த்துடன் வெளியிட்ட ஆய்வுகள், ஒரு செயலிற் பெற்ற பயிற்சி மற்றொன்றிற்குப் பயன்படுவது மிகக் குறைவே எனக் காட்டின. ஒரு செய்தி பிற செய்திகளோடு எவ்வளவு பின்னப்படுகின்றதோ அவ்வளவு நினைவில் நிற்கும் என்பதே ஜேம்ஸின் கொள்கை. நூற்பாவை மனப்பாடம் செய்து வளர்ந்த நம்மனோர்க்கு இது முதற்கண் உவப்பாகாது. ஆயின் நூற்பாவை உரையோடும் எடுத்துக்காட்டோடும் பிணைத்துக் கற்ற மரபு இக்கொள்கைக்கு மாறன்று என்க.

இனி, இரண்டாவது கருத்து 1903-இல் வெளிவந்த 'பிஎச்.டி. ஆக்டோபஸ்' என்னும் கட்டுரையிற் காணப்படுவது. ஆர்வர்டில் மெய்ப்பொருளியல் பயின்ற மாணவர் ஒருவர் பிறிதொரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்க அமர்த்தப்பட்டார். அவர்க்கு டாக்டர் பட்டம் இல்லையெனக் கண்ட கல்லூரித் தலைவர்கள் அதனைப் பெற்றே தீரவேண்டும் என்றனர். மெய்ப்பொருளியற் பட்டத்திற்கும் இலக்கியம் கற்பிக்கும் திறத்திற்கும் தொடர்பென்னை என ஆர்வர்டார் எழுதியும் பயனில்லை. மாணவர் ஆய்வேடு விடுத்தார். அது கூர்மையுடையதாயினும் துறைக்குரிய நுட்பம் போதாதென ஆர்வர்டாரே மறுத்தனர்! மறு ஆண்டில்தான் பட்டம் கிட்டியது. ஜேம்ஸ் இங்கே நகைப்பது பிறரை மட்டுமன்று, தம் துறையையுமேயாம்.

இவ்விரண்டையும் ஜேம்ஸ் இணைத்துக் கூறினாரல்லர், இணைப்பது நாமே. மில்ட்டனை நெட்டுருச் செய்தது ஊகோவைக் கற்க உதவவில்லையெனின், ஒரு துறையில் ஆய்வேடு எழுதியமை மற்றொரு துறையிற் கற்பிக்கும் திறனுக்குச் சான்றாவது யாங்ஙனம்? ஒரே துறையாயினும், ஆராய்தல் வேறு, கற்பித்தல் வேறு. உளநூல் அறிவியல், கற்பித்தல் கலை. முன்னது பின்னதைத் தானே தோற்றுவியாது என்று 1899-இல் நூலாக வந்த ஆசிரியர்க்கான சொற்பொழிவுகளிலும் அவர் வற்புறுத்தியுள்ளார்.

ஆயினும் அவர் கூறிய தீர்வு முழுவதும் நமக்கு உடன்பாடன்று. தக்க காலம் பொறுமையுடன் உழைத்தார்க்கெல்லாம், இளங்கலைப் பட்டம் போலவே, டாக்டர் பட்டத்தையும் அளித்துவிடலாம் என்கிறார். அவ்வாறாயின் பட்டம் உழைத்த காலத்திற்கு அளவாகுமேயன்றி ஆய்வின் தகுதியைக் காட்டாது. பட்டத்தை மட்டும் நம்பி ஆசிரியரைத் தேர்தல் ஒழிக என்னும் அவரது மற்றொரு யோசனையே வலியுடையது. மருத்துவப் பட்டம் ஒன்றே 1869-இற் பயின்று பெற்ற அவர், உளநூலையும் மெய்ப்பொருளியலையும் 1907 வரை ஆர்வர்டிற் கற்பித்தார்.