அணியை விட்டு விலகும் உரிமை: அமெரிக்க பேஸ்பாலின் நெடும் போராட்டம்

ஒப்பந்தக் காலம் முடிந்த ஆட்டக்காரர் தாம் விரும்பும் எந்த அணியுடனும் பேசிப் புதிய ஒப்பந்தம் செய்துகொள்ளும் நிலையை அமெரிக்க விளையாட்டுலகம் 'ஃப்ரீ ஏஜென்சி' என்று அழைக்கிறது. 2010-இல் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் இவ்வழியில் கிளீவ்லண்ட் அணியை விட்டு மயாமிக்குச் சென்றபோது, ரசிகர்கள் அவர் பெயர் பொறித்த சட்டைகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினர். அவ்வாறு விலகிச் செல்லும் உரிமை, அதற்காகப் போராடியவர்களுள் தலையாயவருக்குக் கிட்டாமலேயே போனது என்பது அந்தக் கோபத்தில் பெரும்பாலும் நினைக்கப்படுவதில்லை.

அந்தப் போராட்டம் பேஸ்பாலில் தொடங்கியது. 1879-இல் நேஷனல் லீக் அணிகளின் உரிமையாளர்கள், ஒவ்வோர் அணியும் ஐந்து ஆட்டக்காரர்களைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ளலாம், அவர்களைப் பிற அணிகள் தொடக்கூடாது என்று தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டனர். சம்பளப் போட்டியைத் தடுக்கப் பிறந்த இந்த ஏற்பாடு, சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழ எல்லா ஆட்டக்காரர்களையும் வளைத்துக்கொண்டு, 'தக்கவைப்பு விதி' என்ற பெயரில் ஒப்பந்தங்களிலும் இடம்பெற்றது. அணி ஆட்டக்காரரை விற்கலாம், மாற்றிக்கொடுக்கலாம், நீக்கலாம். ஆட்டக்காரரோ ஆட்டத்தையே துறந்தாலொழிய அணியை விட முடியாது. ஆட்டக்காரரும் வழக்கறிஞருமான ஜான் மான்ட்கோமரி வார்டு 1885-இல் சங்கம் கண்டு, 1890-இல் தனி லீக்கும் தொடங்கினார். அது ஓராண்டில் கலைந்தது. 1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் ஆட்டம் மாநிலங்களுக்கிடையேயான வணிகம் ஆகாது என்று கூறி, வணிக ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டங்களிலிருந்து அதற்கு விலக்களித்தபின் உரிமையாளர்களின் பிடி மேலும் இறுகியது.

இந்தப் பிடியை எதிர்த்து நின்றவர்களுள் தலையாயவர் கர்ட் ஃபிளட். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 12 பருவங்கள் ஆடி, சிறந்த களத்தடுப்புக்கான 'தங்கக் கையுறை' விருதை ஏழு முறை பெற்றிருந்த அந்தக் கறுப்பின வீரர், 1969 அக்டோபரில் தம்மிடம் ஒரு சொல் கேட்கப்படாமலேயே ஃபிலடெல்ஃபியா அணிக்கு மாற்றிக்கொடுக்கப்பட்டார். அங்கே அவருக்குக் காத்திருந்த சம்பளம் ஏறத்தாழ 1,00,000 டாலர். அக்காலத்தில் மிகச் சிலரே எட்டிய தொகை. ஆயினும், மனிதரை உடைமைபோலக் கைமாற்றுவதை ஏற்க முடியாது என்று டிசம்பர் 24 அன்று பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதி, மற்ற அணிகளுடன் பேச அனுமதி கோரிய அவர், அது மறுக்கப்பட்டதும் வழக்குத் தொடுத்தார். ஜாக்கி ராபின்சன் போன்ற முன்னாள் வீரர்கள் சாட்சி சொன்னார்கள். அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வந்து அவர் பக்கம் நிற்கவில்லை என்பது உரிமையாளர்கள்மீது ஆட்டக்காரர்களுக்கு இருந்த அச்சத்தின் ஆழத்தைக் காட்டும். 1972 ஜூனில் உச்ச நீதிமன்றம், பழைய விலக்கு பொருந்தாத ஒன்று என்பதை ஒப்புக்கொண்டும், அதை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று 5-3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1970 பருவம் முழுவதையும் இழந்த ஃபிளட், 1971-இல் வாஷிங்டன் அணிக்காக 13 ஆட்டங்கள் மட்டும் ஆடிவிட்டு விலகினார்.

நீதிமன்றம் திறக்க மறுத்த கதவு வேறொரு வழியில் திறந்தது. எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளாதார வல்லுநராக இருந்து, 1966-இல் ஆட்டக்காரர் சங்கத் தலைமைக்கு வந்த மார்வின் மில்லர், ஒப்பந்தத் தகராறுகளை நடுநிலையான நடுவர் தீர்க்க வேண்டும் என்ற விதியை 1970-இல் உரிமையாளர்களிடம் பெற்றிருந்தார். ஆட்டக்காரர் கையெழுத்திட மறுத்தால் அணி பழைய ஒப்பந்தத்தை 'ஓராண்டுக்கு' நீட்டிக்கலாம் என்றது தக்கவைப்பு விதி. நீட்டிக்கப்பட்ட ஒப்பந்தத்தில் அந்த விதியும் அடங்குவதால் ஆண்டுதோறும் முடிவின்றி நீட்டிக்கலாம் என்பது உரிமையாளர்களின் வாதம். ஓராண்டு என்றால் ஓராண்டுதான் என்பது மில்லரின் வாதம். ஆன்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரு பந்துவீச்சாளர்கள் 1975 பருவத்துக்குக் கையெழுத்திடாமலேயே இருந்து அதைச் சோதித்தனர். மெக்நாலி பருவத்தின் நடுவிலேயே ஓய்வு பெற்றுவிட்டவர். இந்த வழக்கால் தமக்கு எந்த ஆதாயமும் இல்லை என்று தெரிந்தும், மெசர்ஸ்மித்தை உரிமையாளர்கள் சமரசத்தால் விலக்கிவிட்டாலும் வழக்கு நிற்கவேண்டும் என்பதற்காகப் பெயரைக் கொடுத்தவர். டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ் ஆட்டக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். உரிமையாளர்கள் அவரை உடனே நீக்கினார்கள். தீர்ப்பை நீக்க அவர்களால் முடியவில்லை.

1976-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஆறாண்டுகள் ஆடியவர்கள் ஃப்ரீ ஏஜென்ட் ஆகலாம் என்றாயிற்று. அந்த ஆண்டில் ஏறத்தாழ 51,500 டாலராக இருந்த சராசரி சம்பளம், 1980-இல் 1,43,000 டாலரைத் தாண்டியது. கூடைப்பந்திலும் இதே உரிமைக்காக ஆஸ்கர் ராபர்ட்சன் 1970-இல் தொடுத்த வழக்கு 1976-இல் சமரசமாக முடிந்து, 1988-இல் கட்டுப்பாடற்ற ஃப்ரீ ஏஜென்சிக்கு வழிவகுத்தது.

ஃபிளட் 1997 ஜனவரியில் காலமானார். பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்தின் பாதுகாப்பை அளித்த 1998-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. மில்லருக்கு மறைவுக்குப் பின்னரேனும் கூப்பர்ஸ்டவுனிலுள்ள பேஸ்பால் புகழ் மன்றத்தில் இடம் கிடைத்தது. ஃபிளட்டுக்கு அங்கே இடம் தரப்படாதது பெரும் அநீதி.