கடாரத்துக் கற்கள்

மாசி வெயிலில் காவடி சுமந்து செல்லும் நம்மில் பலர், ஜெராய் மலையைத் தொலைவில் கண்டதும் கைகூப்புவதுண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளும் இம்மலையையே அடையாளமாகக் கொண்டு கரை சேர்ந்தனர். மலையடிவாரத்தில் மெர்போக் ஆற்றங்கரையை ஒட்டி அமைந்திருந்த துறைமுகமே கடாரம். இன்று அதனைப் பூஜாங் பள்ளத்தாக்கு என்கிறோம். ஆறுகள் கொணர்ந்த வண்டலால் கரை விலகிச் செல்ல, துறைமுகம் வயலும் தோட்டமும் ஆயிற்று.

காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பொருள்களைக் கூறுமிடத்துப் பட்டினப்பாலை காழகத்தையும் குறிப்பிடுகின்றது. அது கடாரமே என்பது நச்சினார்க்கினியர் உரை. முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுப்பித்தான். சோழப் பேரரசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்கு அளித்தான். லெய்டன் செப்பேடுகள் இதற்குச் சான்று. சைவ மன்னன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் ஈந்த இச்செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. 1025இல் இராசேந்திரன் படையெடுத்து வந்ததை மட்டும் மேடைதோறும் முழங்கும் நாம், அதற்கு முந்திய இந்நட்பை ஏனோ மறந்துவிடுகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கில அதிகாரி இங்குள்ள இடிபாடுகளைப் பற்றி எழுதினார். 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்து, இடங்களுக்கு எண் இட்டார். எட்டாம் எண்ணுடைய புக்கிட் பத்து பஹாட் சண்டியை 1960இல் அலஸ்டேர் லேம்ப் மீண்டும் எடுத்து நிறுத்தினார். விமானமும் மண்டபமும் நம் ஆலய அமைப்பையே ஒத்துள்ளன. அடித்தளம் கல்லால் ஆனது. தூண்களும் கூரையும் மரத்தால் ஆனவையாதலின் அழிந்தன. அங்குக் கிடைத்த கற்பேழைகளில் ஒன்பது குழிகள் உள்ளன. கும்பாபிஷேகத்தின்போது பீடத்தின் கீழ் நவரத்தினம் இடுவதைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பயின்றபோது, மெர்போக் அருங்காட்சியகத்திற்கு ஆசிரியர் எங்களை அழைத்துச் சென்றார். "இது யார் கட்டிய கோயில்?" என்று ஒரு மாணவன் வினவ, "தெரியாது ஐயா, ஆனால் கும்பிட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும்" என்றார். அவ்விடை இன்றும் நினைவில் நிற்கின்றது.

2013இன் இறுதியில் சுங்கை பத்துப் பகுதியில் பதினோராம் எண் சண்டி நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது தெரியவந்தது. நிலம் தனியாருடையது, சண்டியோ அரசிதழில் மரபுச் சின்னமாக அறிவிக்கப்படவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் நடைமுறையில் இருந்தும், பதிவு இல்லாத கற்களை அது காக்கவில்லை. கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் அரசு ஊழியன் என்ற முறையில் சொல்கிறேன்: தாளில் ஏறாத பொருள் அலுவலகத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நம் தோட்டக் கோயில்களின் நிலையும் இதுவே. துரையின் வாய்மொழி அனுமதியால் எழுந்த மாரியம்மன், முனீஸ்வரர் கோயில்கள் பல. தோட்டம் கைமாறியதும் நிலப்பட்டாவைக் கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை. ஆகவே நம் ஆலயம் பற்றிய பழைய ரசீதுகள், திருவிழா அழைப்பிதழ்கள், நிழற்படங்கள், நிர்வாகத்தின் கடிதங்கள் வைத்திருக்கும் அன்பர்கள் அவற்றைச் செயலாளரிடம் காட்டிப் படியெடுத்துக்கொள்ள உதவ வேண்டுகிறேன். மூலப் பத்திரங்கள் அன்றே திருப்பித் தரப்படும். தாத்தா பாட்டியர் சொல்லக் கேட்ட செய்திகளையும், சொன்னவர் பெயரோடு எழுதித் தரலாம்.